நூறு சிசி பழி

நூறு சிசி வண்டியில் தினமும் வேலைக்குப் போய்வர முடியுமா என்று என்னிடம் கேட்கிறார்கள். லேபில் புதிதாகச் சேரும் பெண்கள் கேட்கிறார்கள். எங்கள் தெருவில் மனை வாங்கி, வீடு கட்டி, கிரகப்பிரவேசமும் முடித்த பிறகு ஸ்டேஷன் எவ்வளவு தூரம் என்று கண்டுபிடித்தவர்கள் கேட்கிறார்கள். முடியும், நன்றாகவே முடியும் என்பேன். ஆனால் என் பேச்சை அப்படியே நம்பிவிட வேண்டாம். மைலேஜ் பார்த்து, விலை விசாரித்து வாங்கியவள் அல்ல நான். ஒரு மனிதருக்கு வலிக்க வேண்டும் என்று வாங்கினேன். அந்த மனிதர் என் வீட்டுக்காரர்.

எங்கள் வீடு கூடுவாஞ்சேரியில். கூடுவாஞ்சேரி என்று சொல்வது ஒரு கௌரவத்துக்கு. ஜி.எஸ்.டி. ரோட்டிலிருந்து மூன்று கிலோமீட்டர் உள்ளே, வேர்க்கடலை விளைந்த நிலத்தில் கல் நட்டு, நகர் என்று பெயர் வைத்த இடம். என் வேலை மேடவாக்கம் தாண்டி, ஒரு தனியார் மருத்துவமனையின் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில். காலையில் ஷேர் ஆட்டோவில் ஸ்டேஷன், மின்சார ரயிலில் தாம்பரம், படி ஏறி இறங்கிக் கிழக்குப் பக்கம், அங்கிருந்து கேம்ப் ரோடு, செம்பாக்கம் வழியாகப் போகும் பஸ். எல்லாம் சரியாக அமைந்தால் ஒன்றரை மணி நேரம். எல்லாம் சரியாக அமைந்த நாட்களை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

அவருக்கு மறைமலை நகர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் வேலை. கம்பெனி பஸ் மெயின் ரோட்டுக்கே வந்து ஏற்றிக்கொண்டு போகும். ஏசி பஸ், சாய்ந்துகொள்கிற சீட். மெயின் ரோடு வரைக்கும் பக்கத்து வீட்டுக்காரரின் ஸ்கூட்டரில் தொற்றிக்கொள்வார். ஏனென்றால் சொந்த வண்டியை மெயின் ரோட்டில் விட்டுப் போனால் கீறல் விழுந்துவிடுமாம்.

அந்தச் சொந்த வண்டி முந்நூற்றைம்பது சிசி. போர்ட்டிகோவை முக்கால்வாசி அடைத்துக்கொண்டு, கவர் போட்டு நிற்கும். திங்கள் முதல் வெள்ளி வரை அதற்கு ஓய்வு. நான் டிபன் பையையும் கைப்பையையும் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்து, சுவரோடு சுவராக நசுங்கி அதைத் தாண்டித்தான் கேட்டுக்கு வர வேண்டும். துப்பட்டா அதன் கைப்பிடியில் மாட்டிக் கிழிந்தது ஒருமுறை. "பாத்துப் போகக் கூடாதா, கண்ணாடி திரும்பிடுச்சு பாரு" என்றார். கண்ணாடியைத்தான் சொன்னார்.

சனி, ஞாயிறுகளில் வண்டிக்கு விடிவு வரும். அவரும் அவரைப் போன்ற ஏழெட்டுப் பேரும் சேர்ந்து ஒரு ரைடிங் கிளப் வைத்திருந்தார்கள். விடிகாலையில் வண்டலூர், கேளம்பாக்கம் வழியாகக் கடற்கரைச் சாலைக்குப் போய், ஒரு ஓட்டலில் பொங்கலும் வடையும் சாப்பிட்டுவிட்டுத் திரும்பி வருவார்கள். அதற்கு முழங்கால் காப்பு, கையுறை, பட்டை பட்டையாகத் தைத்த ஜாக்கெட். பொங்கல் சாப்பிட இத்தனை பாதுகாப்பா என்று கேட்டேன். அவருக்குச் சிரிப்பு வரவில்லை.

சின்ன வண்டி என்றால் அவருக்கு இளக்காரம். "நூறு சிசியெல்லாம் ஒரு வண்டியா? தையல் மெஷின்" என்பார். எனக்கு ஒன்று வாங்கலாமா என்று ஒருநாள் கேட்டபோது அவர் சொன்ன பதில் இன்றும் காதில் நிற்கிறது. "உனக்கு கியர் போடத் தெரியுமா? ஜி.எஸ்.டி. ரோட்டுல லாரி பக்கத்துல போனாலே அந்தக் காத்துல பறந்துடுவ." எனக்குக் கியர் போடத் தெரியும். கல்லூரி நாட்களில் அப்பாவின் பழைய வண்டியில் கற்றுக்கொண்டு, லைசென்ஸும் எடுத்திருந்தேன். கல்யாணத்துக்குப் பிறகு யாரும் அதைக் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அன்றைக்கும் சொல்லாமல் அடுப்படிக்குப் போய்விட்டேன்.

அந்தப் பெரிய வண்டி வந்த கதையையும் சொல்லிவிட வேண்டும். நிச்சயத்தின்போது அவர்கள் வீட்டில், "நாங்க எதுவும் கேக்கலீங்க. பையனுக்கு ஒரு வண்டி, அவ்வளவுதான்" என்றார்கள். எந்த வண்டி என்று அப்பா கேட்டதற்கு மாடல், நிறம், சைலன்சர் வரை எழுதி வைத்திருந்த சீட்டை எடுத்து நீட்டினார் மாப்பிள்ளை. அப்பா கடன் வாங்காமல் சமாளித்தார் என்பதே எனக்குப் பெரிய ஆறுதல். முழுத் தொகையும் கட்டினார். வண்டியை எடுக்க நாள் பார்த்தபோது ஒரு சிக்கல் வந்தது. ஆனி முடியப் போகிறது, ஆடி பிறந்தால் எதையும் எடுக்கக் கூடாது. மிச்சமிருந்த ஒரே நல்ல நாளில் மாப்பிள்ளையின் ராசிக்குச் சந்திராஷ்டமம். அன்றைக்கு அவர் பெயரில் புதிதாக எதையும் தொடங்கக் கூடாது. தினசரிக் காலண்டரைக் கையோடு எடுத்து வந்திருந்த என் மாமியார்தான் வழி சொன்னார்.

"பொண்ணு ராசிக்கு அன்னைக்கு அமோகமா இருக்குது. பொண்ணு பேர்லயே எடுத்துடுங்க. எப்படியும் நம்ம வீட்டுக்குத்தானே வரப்போவுது."

அப்படியே எடுத்தார்கள். எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி, மாலை போட்டு, சாவியை அவர் கையில் கொடுத்தார் அப்பா. ஆர்.சி. அட்டை அவர் பர்ஸுக்குள் போனது. பிறகு பெயர் மாற்றிக்கொள்ளலாம் என்றார்கள். ஒன்பது வருடம் யாருக்கும் அது ஞாபகம் வரவில்லை. எனக்கும் வரவில்லை என்பதுதான் வெட்கக்கேடு. இன்சூரன்ஸ் புதுப்பிக்கச் சொல்லி வருடா வருடம் என் செல்போனுக்குத்தான் செய்தி வரும். நானும் கட்டிக்கொண்டுதான் இருந்தேன்.

மருத்துவமனையில் ஆறு வருடமாக ஒப்பந்தத்தில் இருந்தேன். வருடா வருடம் ஜூன் வந்தால் ஒப்பந்தத்தைப் புதுப்பிப்பார்களா மாட்டார்களா என்று நிர்வாகப் பிரிவின் கதவையே பார்த்துக்கொண்டிருப்பேன். போன வருடத்துக்கு முந்தின வருடம் ஷிப்ட் பொறுப்பாளர் பதவி ஒன்று காலியானது. நிரந்தர வேலை. உள்ளேயே இருப்பவர்களிலிருந்து எடுக்கிறோம், சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு நேர்முகத்தேர்வு என்று பலகையில் ஒட்டினார்கள். லேபில் அனுபவம் எனக்குத்தான் அதிகம். என்னோடு வேலை செய்தவர்களே, அது உனக்குத்தான் என்று சொல்லிவிட்டார்கள். வீட்டில் வந்து சொன்னேன். அவரும் சந்தோஷப்பட்டார், அதை மறைக்கக் கூடாது. "அன்னைக்கு பஸ்ஸு ட்ரெயின்னு அலையாத. நானே கொண்டுபோய் விடறேன்" என்றார். ஒரு வாரம் அந்த வார்த்தையை மனதில் வைத்துக்கொண்டு அலைந்தேன்.

வெள்ளிக்கிழமை இரவு சாப்பிட்டுக் கை கழுவும்போது சொன்னார். "வண்டி பேட்டரி டவுன் ஆயிடுச்சு. நாளைக்கு எடுக்க முடியாது. பத்து மணிக்கு மேலதான் மெக்கானிக் வருவான். நீ கொஞ்சம் சீக்கிரமா கிளம்பி ட்ரெயின்லயே போயிடேன்."

ஆறரைக்குக் கிளம்பினேன். ஷேர் ஆட்டோக்காரர் ஆள் சேராமல் எடுக்க மாட்டேன் என்றார். "இன்னும் ரெண்டு பேருக்கா, தோ வந்துகினே கீறாங்க" என்று தெருமுனையையே காட்டிக்கொண்டிருந்தார். அந்த இரண்டு பேர் வருவதற்குள் நான் பிடிக்க வேண்டிய ரயில் போய்விட்டது. அடுத்த ரயிலில் ஏறித் தாம்பரத்தில் இறங்கினால், கிழக்குப் பக்கத்தில் குழாய் பதிக்கச் சாலையை வெட்டிப் போட்டிருந்தார்கள். பஸ் ஊர்ந்தது. செம்பாக்கம் ஏரிக்கரையில் நின்ற பஸ்ஸுக்குள் இருந்து, பக்கத்து இடைவெளியில் நுழைந்து நுழைந்து போய்க்கொண்டிருந்த பைக்குகளைப் பார்த்தேன். ஒன்றுகூடப் பெரிய வண்டி இல்லை. எல்லாம் தையல் மெஷின்கள்.

ஒன்பது இருபத்தைந்துக்குப் போய்ச் சேர்ந்தேன். வியர்வையில் சேலை முதுகோடு ஒட்டியிருந்தது. நிர்வாகப் பிரிவு மேடம் நல்ல மாதிரி, குரலை உயர்த்தக்கூட இல்லை. "உங்களைத்தான் முதல்ல கூப்பிட்டோம்மா. நீங்க இல்ல. காலையில ஆறு மணி ஷிப்ட் பாக்கற வேலை இது. அவ்வளவு தூரத்துல இருந்துகிட்டு உங்களுக்குக் கஷ்டம்தான்" என்றார். மருத்துவமனைக்கு எதிர் சந்தில் குடியிருந்த பெண்ணுக்கு வேலை போனது. அவள் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. கழிவறைக்குப் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதேன். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு வேலை பார்த்தேன்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது அவர் டிவி பார்த்துக்கொண்டிருந்தார். நடந்ததைச் சொன்னேன். "சரி விடு, அடுத்த தடவை பாத்துக்கலாம்" என்றார். பேட்டரி சரியாகிவிட்டதா என்று கேட்டேன். ஆகிவிட்டது என்றார். நானும் நம்பினேன்.

ஒன்பதாம் நாள், மதிய உணவு நேரத்தில் என் செல்போனுக்கு ஒரு செய்தி வந்தது. போக்குவரத்து விதிமீறல், அபராதம், படம் பார்க்க இங்கே அழுத்தவும். ஏதோ ஏமாற்று வேலை என்றுதான் முதலில் நினைத்தேன். வண்டி எண்ணைப் பார்த்த பிறகு அழுத்தினேன். கேளம்பாக்கம் சந்திப்பு. காலை ஏழு பன்னிரண்டு. அந்தச் சனிக்கிழமை. படம் பளிச்சென்று விழுந்திருந்தது. ஜாக்கெட், கையுறை, ஹெல்மெட்டோடு அவர். பின்னால் சிவப்புச் சட்டை போட்ட நண்பர் ஒருவர், தலையில் ஒன்றுமில்லாமல், வாயெல்லாம் பல்லாக. அபராதம் அந்த வெறுந்தலைக்கு. ஏழு பன்னிரண்டுக்கு நான் கூடுவாஞ்சேரி பிளாட்பாரத்தில், போய்விட்ட ரயிலின் முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றிருந்தேன்.

படத்துக்குக் கீழே வாகன உரிமையாளர் என்று போட்டு ஒரு பெயர் இருந்தது. என் பெயர். முன்னால் என் அப்பாவின் இனிஷியல்.

என்னோடு சாப்பிட்டுக்கொண்டிருந்த பெண், "என்னக்கா, முகம் ஒரு மாதிரி ஆயிடுச்சு" என்றாள். ஒன்றுமில்லை என்றேன். தயிர்சாதத்தை முழுவதும் சாப்பிட்டு முடித்தேன். அபராதத்தை அங்கேயே உட்கார்ந்து கட்டினேன். படத்தை எடுத்துச் செல்போனில் பத்திரப்படுத்தினேன்.

அன்றைக்கே போய்ச் சட்டையைப் பிடித்திருக்கலாம். பிடித்திருந்தால் பசங்க கட்டாயப்படுத்தினாங்க, மறந்துட்டேன், சாரி என்று ஏதாவது சப்பைக்கட்டு கட்டியிருப்பார். மாமியார் இடையில் புகுந்து பூசி மெழுகியிருப்பார். ரெண்டு நாள் பேசாமல் இருந்துவிட்டு மூன்றாம் நாள் நானே காபி போட்டுக் கொடுத்திருப்பேன். ஒன்பது வருடம் அப்படித்தான் நடந்தது. இந்த முறை வாயைத் திறக்கவில்லை. ஒரு மாதத்துக்கும் மேல் கறுவிக்கொண்டே இருந்தேன். இட்லி மாவு மாதிரி மூடி வைத்தேன், அது பாட்டுக்குப் புளித்துப் பொங்கியது. அந்த நாட்களில் அவருக்கு நான் எப்போதையும்விட நல்ல மனைவியாக இருந்தேன் என்று சொன்னால் நம்புவீர்களா? பூரி கேட்டால் பூரி சுட்டுப் போட்டேன்.

இதற்கிடையில் ஊரப்பாக்கத்தில் ஒரு மெக்கானிக்கைப் பார்த்தேன். பழைய வண்டி வாங்கி விற்பவர். ஆர்.சி. அட்டையை வீட்டுக்காரர் பர்ஸிலிருந்து இன்சூரன்ஸுக்கு வேண்டும் என்று கேட்டு வாங்கியிருந்தேன். கொஞ்சமும் யோசிக்காமல் கொடுத்தார். மெக்கானிக் அதை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார்.

"அண்ணன்கிட்ட கேட்டீங்களாக்கா? நாளைக்கு எங்கிட்ட வந்து பேஜார் பண்ணிடப் போறாரு."

"யார் பேர் இருக்குன்னு பாருங்கண்ணா."

"உங்க பேருதான் கீது."

"அப்ப யாரைக் கேக்கணும்?"

அவர் சிரித்தபடி தலையைச் சொறிந்தார். அதே வண்டியை நானே ஓட்டிக்கொண்டு வேலைக்குப் போனால் என்ன என்றும் அவரிடம் கேட்டேன். அப்படி ஒரு ஆசையும் எனக்கு இருந்தது. "உங்களால ஸ்டாண்ட் எடுத்துத் தள்ளவே முடியாதுக்கா. தாம்பரம் டிராபிக்ல அரை மணி நேரம் நின்னா உங்க காலு வெந்துடும். அது வேலைக்குப் போற வண்டி இல்ல, வளக்கற வண்டி" என்றார். மனிதர் தொழில் தெரிந்தவர். எனக்கு ஒரு புது நூறு சிசி வண்டிக்கும் அவரே ஏற்பாடு செய்தார்.

நாள் பார்த்தேன். நல்ல நாள் அல்ல, எனக்கு வேண்டிய நாள். கிளப் தொடங்கி ஐந்து வருடம் ஆகிறதென்று ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் பாண்டிச்சேரி போவதாக இருந்தார்கள். அவர் இரண்டு வாரமாகத் தலைகால் புரியாமல் இருந்தார். முந்தின நாள் சனிக்கிழமை அவருக்கு ஓவர்டைம். எனக்கு லீவு. அவர் காலையில் கம்பெனி பஸ்ஸுக்குப் போனதும், மாமியார் குன்றத்தூர் கோயிலுக்குக் கிளம்பினார். நான் பீரோவிலிருந்து இன்னொரு சாவியை எடுத்தேன். மெக்கானிக் ஆளோடு வந்தார். படிவங்களில் கையெழுத்துப் போட்டேன். செல்போனுக்கு வந்த ஓடிபியைச் சொன்னேன். ஒன்பது வருடம் போர்ட்டிகோவில் பட்டத்து யானை மாதிரி நின்றது, பத்து நிமிடத்தில் தெருமுனை திரும்பிப் போய்விட்டது. மதியம் என் வண்டி வந்தது. கறுப்பு, சிவப்புக் கோடு. அதை அதே இடத்தில் நிறுத்தி, பெரிய வண்டியின் கவரை எடுத்து அதன் மேல் போட்டேன்.

சாயங்காலம் அவர் வந்தார். கையில் இரண்டு பக்கமும் தொங்கவிடுகிற புதுத் தோல்பைகள், பாண்டிச்சேரி பயணத்துக்காக. கேட்டைத் திறந்ததும் நின்றுவிட்டார். கவர் தொளதொளவென்று தரையில் புரண்டுகொண்டிருந்தது.

"என்ன, டயர்ல காத்து இறங்கிடுச்சா?" என்றார் என்னைப் பார்த்து.

நான் வாசற்படியில் நின்று வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். பாருங்க என்றேன். கவரைத் தூக்கினார். அவர் முகத்தில் ஈயாடவில்லை. அந்த முகத்தை நான் ஆசை தீரப் பார்த்தேன். இதை எழுதும்போதும் அந்த முகம் எனக்கு இனிக்கிறது. பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது?

"என் வண்டி எங்கடி?"

"வித்துட்டேன்."

அவர் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு மாடியில் விளக்கு எரிந்தது. கோயிலிலிருந்து திரும்பியிருந்த மாமியார் விபூதிப் பொட்டலத்தோடு ஓடி வந்தார். "கேக்காம கொள்ளாம விக்கலாமாம்மா? அவன் வண்டியாச்சே" என்றார்.

"யார் பேர்ல எடுக்கச் சொன்னீங்க அத்தை?"

மாமியார் மகனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். சந்திராஷ்டமம் அவருக்கு ஞாபகம் வந்தது என்பது கண்ணிலேயே தெரிந்தது. உள்ளே போய் விபூதியை மாடத்தில் வைத்தார்.

நான் செல்போனை எடுத்துப் படத்தைக் காட்டினேன். நேரத்தைப் பெரிதாக்கிக் காட்டினேன். அவர் வெகுநேரம் அதையே பார்த்தார். "பசங்க முன்னாடியே பேசி வச்சுட்டாங்க. எப்படி இல்லன்னு சொல்றது" என்றார். என்னிடம் பொய் சொல்வது அதைவிடச் சுலபமாக இருந்திருக்கிறது. பிறகு தலையைத் தூக்கி அவர் கேட்ட கேள்விதான் என் மனதைக் கல்லாக்கியது. வேலையைப் பற்றிக் கேட்கவில்லை. அழுதாயா என்று கேட்கவில்லை. "இப்ப நாளைக்கு நான் எதுல போறது?" என்று கேட்டார்.

"இது இருக்கு, எடுத்துட்டுப் போங்க. தோல்பை மாட்டலாம்" என்றேன்.

அதோடு விட்டிருக்கலாம். விடவில்லை. மறுநாள் விடிந்ததும் கிளப்காரர்கள் கேட்டுக்கு வெளியே வந்து ஹாரன் அடித்தார்கள். அவர் போர்வையை இழுத்து மூடிக்கொண்டார். நான்தான் வெளியே போனேன். நான்கு வண்டிகள். படத்தில் பார்த்த அதே நண்பர், அன்று ஒழுங்காக ஹெல்மெட் போட்டிருந்தார். தெருவுக்கே கேட்கும்படி சொன்னேன், "வண்டியை வித்தாச்சு தம்பி. அவர் வரமாட்டார். அன்னைக்கு நீங்க ஹெல்மெட் இல்லாம உக்காந்து வந்தீங்களே, அந்த ஃபைன் நான்தான் கட்டினேன்." அந்தத் தம்பி "தேங்க்ஸ்க்கா" என்றார். நான்கு பேரும் சத்தமில்லாமல் வண்டியைத் திருப்பிக்கொண்டு போனார்கள்.

திங்கட்கிழமையிலிருந்து என் வண்டியில் வேலைக்குப் போனேன். இனி கேட்டவர்களுக்கான பதில். போக இருபத்திரண்டு கிலோமீட்டர், வர இருபத்திரண்டு. ஒன்றரை மணி நேரம் முக்கால் மணி நேரமானது. லாரி பக்கத்தில் போனால் காற்று தள்ளும், அவர் சொன்னது உண்மை. ஆனால் பறந்து போகவில்லை. கையை விறைக்காமல் பிடித்தால் வண்டி தானாக நேராகும். அறுபதுக்கு மேல் முறுக்கினால் கைப்பிடி அதிர்ந்து விரல் மரத்துப்போகும், ஆகையால் ஐம்பதைத் தாண்டுவதில்லை. வண்டலூர் உயிரியல் பூங்கா வாசலில் விடுமுறை நாளில் கார்கள் வாயை அடைத்துக்கொண்டு நிற்கும்போதும், இரும்புலியூரில் பஸ்ஸும் தடுப்புச்சுவரும் ஒட்டி உரசும்போதும் ஒரு ஆள் போகும் சந்து கிடைத்தால் போதும், நுழைந்துவிடலாம். எங்கள் நகரின் சேற்றுக்கு ஸ்கூட்டரின் சின்னச் சக்கரத்தைவிட இதன் சக்கரம் நூறு மடங்கு மேல். மழையில் முழங்கால் தண்ணீரில் முதல் கியரிலேயே போட்டு, ஆக்ஸிலேட்டரை விடாமல் கடந்திருக்கிறேன். சீட் கல் மாதிரி, ஒரு மணி நேரத்துக்கு மேல் இடுப்பு கேள்வி கேட்கும். கியர் மாற்றி மாற்றி இடது செருப்பின் முனை தேய்ந்துபோகும், வருடத்துக்கு மூன்று ஜோடி. பெண்பிள்ளைக்கு எதுக்கு பைக்கு, ஸ்கூட்டி எடுத்திருக்கலாமே என்று சிக்னலுக்குச் சிக்னல் யாராவது சொல்வார்கள். அதற்கும் காது மரத்துவிடும்.

ஓட்டும்போது நான் என்ன நினைப்பேன் என்று யாரும் கேட்டதில்லை. பல மாதம் நான் நினைத்தது ஒன்றுதான். ஒவ்வொரு நாள் காலையிலும் லேபின் கடிகாரத்தைப் பார்க்கும்போது, பத்து நிமிடம் முன்னால், பதினைந்து நிமிடம் முன்னால் என்று அவர் முகத்தில் விட்டெறிவது மாதிரி மனதுக்குள் சொல்லிக்கொள்வேன். அந்த வருடம் முழுக்க ஒருநாள்கூட நான் தாமதமாகப் போகவில்லை. மழையோ காய்ச்சலோ, போனேன். அது கடமை உணர்ச்சி என்று மேடம் ஒருமுறை எல்லோர் முன்னாலும் பாராட்டினார். எனக்குச் சிரிப்பு வந்தது.

வீட்டில் அவர் இரண்டு மாதம் பேசவில்லை. பிறகு சாம்பாரில் உப்பு என்ற அளவுக்குப் பேசினார். கிளப்பிலிருந்து தானாக விலகிக்கொண்டார். கம்பெனி பஸ்ஸைத் தவறவிட்ட நாட்களில்கூட என்னிடம் இறக்கிவிடச் சொல்லிக் கேட்டதில்லை. மூன்று கிலோமீட்டர் நடப்பார். நானும் பின்னால் ஏறுங்க என்று சொன்னதில்லை. ஒருநாள் மழையில் நடந்துகொண்டிருந்தவரைத் தாண்டிப் போயிருக்கிறேன். கண்டும் காணாமல்தான் போனேன். கண்ணாடியில் அவர் சின்னதாகிக்கொண்டே போனதையும் பார்த்தேன்.

அடுத்த வருடம், எதிர் சந்துப் பெண் கணவரோடு பெங்களூருக்குப் போய்விட்டதால், அதே பதவி மறுபடி காலியானது. மறுபடி ஒரு நேர்முகத்தேர்வு. வீட்டில் நான் சொல்லவில்லை. மாமியார் எப்படியோ கேட்டுத் தெரிந்துகொண்டார். அன்று ஐம்பது நிமிடம் முன்னாலேயே போய், கேன்டீனில் உட்கார்ந்து டீ குடித்தேன். என் பெயரைக் கூப்பிட்டபோது கதவுக்கு வெளியே நின்றிருந்தேன். லேபின் தலைமை மருத்துவர் என் வருகைப் பதிவேட்டைப் புரட்டிவிட்டு, "கூடுவாஞ்சேரியில இருந்தா வர்றீங்க?" என்று மட்டும் கேட்டார். எனக்கே வேலை கிடைத்தது. இப்போது ஆறு மணி ஷிப்டுக்கு, ஜி.எஸ்.டி. ரோட்டில் லாரிகள் தவிர யாரும் இல்லாத நேரத்தில் போகிறேன். ஜூன் மாதம் எனக்கு மற்ற மாதங்களைப் போல ஒரு மாதம். இது எல்லாவற்றையும் அந்தச் சின்ன வண்டிதான் வாங்கிக் கொடுத்தது, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ஆனால் வேலை கிடைத்ததை நினைத்தால் எனக்கு நினைவுக்கு வருவது அந்த அறை அல்ல. அன்று காலை எங்கள் வீட்டுப் போர்ட்டிகோ.

ஏழேகால் மணிக்குப் பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். அவர் எனக்கு முன்னால் எழுந்திருந்தார். லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, வாளியில் தண்ணீர் வைத்து, என் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார். நான் எப்போதும் சுவரைப் பார்க்க நிறுத்தும் வண்டி, தெருவைப் பார்க்கத் திரும்பி நின்றது. சக்கரக் கம்பிகளின் இடுக்கில் இருந்த சேற்றைக்கூட எடுத்திருந்தார். கேட்டையும் திறந்து வைத்திருந்தார். என்னைப் பார்த்ததும் துணியைப் பிழிந்தபடி எழுந்து நின்றார்.

"ரெண்டு டயர்லயும் காத்து பாத்துட்டேன். பின்னாடி கொஞ்சம் கம்மியா இருந்துச்சு, பம்ப்புல அடிச்சுட்டேன்" என்றார். அதைச் சொல்ல அவர் ரொம்ப நேரம் தயார் செய்திருந்தார் என்பது குரலில் தெரிந்தது.

நான் பையைக் கீழே வைத்தேன். உள்ளே போய் ஒரு காய்ந்த துணியை எடுத்து வந்தேன். சீட்டைத் துடைத்தேன், டேங்க்கைத் துடைத்தேன், இரண்டு கண்ணாடிகளையும் துடைத்தேன். அவர் துடைத்த இடங்களை ஒன்று விடாமல், அவர் கண் முன்னாலேயே, மெதுவாக மறுபடி துடைத்தேன். அவர் ஈரத்துணியோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு நேரம் நிறைய இருந்தது. முடித்ததும் துணியைப் பையில் வைத்துக்கொண்டு, உதைத்துக் கிளப்பிக்கொண்டு வந்துவிட்டேன்.

வண்டி சுத்தமாகத்தான் இருந்தது. துணியில் ஒரு பொட்டு அழுக்குகூட ஒட்டவில்லை.